அம்பரப்பர் மலையும் கோலார்ப் புதிரும்

தேனி மாவட்டத்து அறிவியல் நிறுவனம் ஒன்றின் வரலாறு வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். எழும்பாத நிறுவனத்தைப் பற்றி எழுதலாமா என்றேன். சரியென்றார்கள். பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த ஆய்வகம் அமையவிருந்த மலைக்குள் நியூட்ரினோவோடு இன்னொன்றையும் தேட எண்ணியிருந்தார்கள். அதன் வேர் கோலார் தங்கவயலில் இருக்கிறது. வடாற்காட்டுத் தமிழர்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய அந்தச் சுரங்கத்தில், 2 கி.மீ.க்கும் கீழே, 1965இல் வளிமண்டல நியூட்ரினோ பதிவாயிற்று. பிறகு அதே ஆழத்துக் கருவிகளில் சில விசித்திரத் தடங்கள் விழுந்தன. பாறைக்கும் கருவிக்கும் நடுவே வெறும் காற்றில் ஏதோ சிதைந்ததுபோல, ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் பிரிந்து சென்றன. 1975இல் இது கட்டுரையாக வந்தது. துகள்முடுக்கிகளில் தேடியும் அப்படியொரு துகள் அகப்படவில்லை.

சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 2014இல் பழைய ஏட்டைப் புரட்டினார்கள். முடுக்கியில் பிறக்காவிட்டால் என்ன, விண்மீன் மண்டலமெங்கும் நிறைந்திருக்கும் கரும்பொருளே அங்கே சிதைந்திருக்கலாமே என்றார்கள். எடை, புரோட்டானைப்போல் 5 முதல் 10 மடங்கு. ஆயுள், ஏறக்குறைய பிரபஞ்சத்தின் வயது. விரல்விட்டு எண்ணும் தடங்களுக்கு இவ்வளவு பெரிய விளக்கமா? கேட்கத்தான் வேண்டும். சோதித்துப் பார்க்கப் பெரிய குகை ஒன்று போதும்.

அந்தக் குகைதான் டி.புதுக்கோட்டையை ஒட்டிய அம்பரப்பர் மலையில் திட்டமிடப்பட்டது. சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை, 50,000 டன் இரும்பு. 5.6 செ.மீ. கனத் தகடுகளுக்கு இடையே கண்ணாடி உணர்கருவிகள், ஏறத்தாழ 30,000. குகைச் சுவரிலும் உணர்கருவி பொருத்திவிட்டால் உள்ளிருக்கும் காற்றே பொறியாகிவிடும் என்பது கணக்கு.

நீலகிரியின் சிங்காராவில் 2009இல் யானைகளுக்காக இடம் மறுக்கப்பட்ட பிறகே திட்டம் இங்கே வந்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. இங்கேயோ வெடிவைப்பு, தண்ணீர், மேய்ச்சல் நிலம் என்று ஊர் கவலைப்பட்டது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் 5 கி.மீ.க்குள் இருக்கிறது. அந்தக் கவலையை அறியாமை என்று தள்ளியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளக்கங்களை இன்னும் முன்னதாக, மாடு மேய்ப்பவருக்கும் புரியும் தமிழில் தொடங்கியிருக்கலாம். 2022இல் தமிழக அரசு அனுமதிக்க முடியாதென்று உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

மதுரையில் 85 டன்னில் அந்தக் கருவியின் குட்டி மாதிரி ஒன்று ஓடுகிறது. தரைக்கு மேலே இருப்பதால் வளிமண்டலத்திலிருந்து வரும் மியூவான் துகள் மழைதான் அதில் பெய்யும். கோலார்ப் புதிருக்கு அது உதவாது.

ஆதரித்தும் எதிர்த்தும் நம் ஊர்களில் வினியோகித்த துண்டறிக்கைகளை யாரேனும் வைத்திருந்தால், பழைய பேப்பருக்குப் போடாமல் மலர்க்குழுவிடம் கொடுங்கள்.