குந்திக்கு முந்தைய ராஜம்மா

மைசூரில் நாடக உடையும் டோப்பாவும் வாடகைக்கு விடுவது எங்கள் குடும்பத் தொழில். பள்ளி ஆண்டு விழா வந்தால் தமிழ்க் குடும்பங்கள் கடைக்கு வந்து, "கர்ணன் படத்துக் குந்தி மாதிரி ஒரு செட் குடுங்க" என்பார்கள். "அந்தக் குந்தி யார் தெரியுமா?" என்று கேட்பேன். "சிவாஜிக்கு எப்பவும் அம்மாவா வருவாங்களே, அவங்கதானே?" என்று பதில் வரும். எம்.வி. ராஜம்மாவைத் தமிழர்கள் வைத்திருக்கும் இடம் இவ்வளவுதான். சிவாஜியைவிட அவர் பத்து வயதுகூட மூத்தவர் இல்லை. ராஜம்மா சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தில் கதாநாயகியாக நடித்த 1940இல் கணேசன் பன்னிரண்டு வயதுப் பையன். அந்தக் காலத்தில் பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீ பார்ட்டும் போட்டவர்.

ராஜம்மா பழைய மைசூர் சமஸ்தானத்துப் பெண். அந்தச் சமஸ்தானத்து நாடக மேடை முதலில் அரண்மனையோடு ஒட்டி வளர்ந்தது. 1880களில் சாமராஜ உடையார் ஆதரவில் சாமராஜேந்திர கர்நாடக நாடக சபை நடந்தது. காளிதாசனின் சாகுந்தலத்தை பசவப்ப சாஸ்திரி கன்னடத்தில் எழுதிக் கொடுத்தார். சகுந்தலையாக வந்தது ஆண்தான். பிறகு வரதாச்சாரின் ரத்னாவளி கம்பெனி வந்து டிக்கெட் வாங்கிப் பார்க்கும் கூட்டத்தைப் பிடித்தது. பெண்களை மேடைக்குக் கொண்டுவந்து ஊரே ஒத்துக்கொள்ளும்படி செய்ததில் குப்பி வீரண்ணா கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. பி. ஜெயம்மா அங்கிருந்து வந்தவர்தான். ராஜம்மா சேர்ந்தது இன்னொரு கம்பெனியில்: முகமது பீர் நடத்திய சந்திரகலா நாடக மண்டலி. பீரின் புத்தரையும் ஷாஜகானையும் பற்றி மைசூர்ப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

மைக் இல்லாத மேடை அது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் வசனம் விழ வேண்டும். அதற்காகக் கத்தினால் காரியம் கெட்டுவிடும், அழும்போதும் சொல் உடையக் கூடாது. முகத்தில் முத்துவெள்ளை, தலையில் கனத்த சவுரி, அதன்மேல் கிரீடம். தலையை மட்டும் திருப்பினால் கிரீடம் சரிந்துவிடும், தோளோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ராஜம்மாவின் பழைய படங்களை உன்னிப்பாகப் பாருங்கள், சமூகப் படத்தில் தலையில் ஒன்றுமே இல்லாதபோதுகூட அந்தத் திரும்பல் இருக்கும். சினிமா விமர்சகர்கள் இதை 'நாடகத்தனம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். என் தொழிலில் இருப்பவனுக்கு அது பயிற்சி.

சந்திரகலாவின் வெற்றி நாடகங்களில் ஒன்று எச்.எல்.என். சிம்ஹாவின் 'சம்சார நௌகா'. 1936இல் அதையே சிம்ஹா படமாக எடுத்தபோது நாயகன் பி.ஆர். பந்துலு, நாயகி ராஜம்மா. புராணமே ஓடிக்கொண்டிருந்த கன்னடத் திரையில் அது முதல் சமூகப் படம். பள்ளி ஆசிரியராக இருந்து மேடைக்கு வந்த பந்துலுவின் பெயரும், ராஜம்மாவின் பெயரும் அன்றிலிருந்து சேர்ந்தே வந்துகொண்டிருந்தன.

தமிழில் 1938இல் 'யயாதி', 1940இல் 'உத்தம புத்திரன்'. இரண்டிலும் பி.யு. சின்னப்பா. தமிழின் முதல் இரட்டை வேடம் என்று சின்னப்பாவைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் அதில் சேர்க்க ஒன்றுமில்லை. எனக்குச் சுவாரசியமானது அடுத்த ஆண்டு வந்த 'குமாஸ்தாவின் பெண்'. அது டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகம், மூலம் வங்காள நாவல். ஆண்பிள்ளைகளே பெண்ணாக நின்று வளர்ந்த மரபு அவர்களுடையது, ஔவையார் வேடத்திலேயே பேர் வாங்கி 'ஔவை சண்முகம்' ஆனவர் அந்தச் சகோதரர்களில் ஒருவர். அவர்களுடைய கதை திரைக்குப் போனபோது முக்கியப் பெண் வேடத்துக்குக் கன்னட மேடைக்காரி வந்து தமிழ் பேசினார்.

பிறகு 1943. யுத்த காலம். கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு. படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. பெரிய முதலாளிகளே கையைப் பிசைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் ராஜம்மா சொந்தமாகப் படம் எடுத்தார். 'ராதா ரமணா' என்று பெயர். தானே தயாரிப்பாளர், தானே நாயகி, உடன் பந்துலு. வயது இருபதுகளின் தொடக்கம்தான். கன்னடத்தின் முதல் பெண் தயாரிப்பாளர் என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பட்டத்தைவிட அவர் யாரையெல்லாம் சேர்த்துக்கொண்டார் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. காது சரியாகக் கேட்காத ஒரு நாடக நடிகர் அதில்தான் முதன்முதலில் திரையில் வந்தார்: டி.என். பாலகிருஷ்ணா. கன்னடத்தில் அவர் போடாத வேடம் கிடையாது. இன்னொருவர் நஞ்சன்கூட்டுக்காரர், குப்பி கம்பெனியில் இருந்தவர், ஜி.வி. ஐயர். நாற்பது வருஷம் கழித்து, 1983இல், 'ஆதி சங்கராச்சாரியா'வைச் சம்ஸ்கிருதத்தில் எடுத்த அதே ஐயர். காது கேட்காத நடிகரை வைத்துக்கொண்டு பேசும் படம் எடுக்க எந்த முதலாளி துணிவார்? எதிராளியின் உதட்டசைவையும் நிற்கும் இடத்தையும் வைத்தே வசனத்தைப் பிடிக்கும் நடிகர்களை மேடையில் பார்த்துப் பழகியவருக்குத்தான் அந்தத் தைரியம் வரும் என்பது என் கணிப்பு.

தமிழில் அவருடைய உச்சம் என்று நான் சொல்வது 1948இன் 'ஞானசௌந்தரி'. சிட்டாடல் தயாரிப்பு, எஃப். நாகூர் இயக்கம், ஜோடி டி.ஆர். மகாலிங்கம். அதே ஆண்டு ஜெமினியும் அதே கதையை எடுத்தது, சிட்டாடல் படத்தின் முன்னால் அது நிற்கவில்லை. மாதாவை வேண்டும் பாட்டு சிறுமி ஜிக்கியின் குரலில் தொடங்கி, பி.ஏ. பெரியநாயகியின் குரலுக்கு மாறும்போது குழந்தை வளர்ந்து ராஜம்மாவாக நிற்பார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தப் பாட்டு. எனக்கு நிற்பது அதன் பிறகு. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரண்டு கையும் வெட்டப்பட்டவளின் கதை அது. மேடை நடிகைக்குக் கைதான் பாதி நடிப்பு. கும்பிட, கெஞ்ச, கண்ணைத் துடைக்க எல்லாவற்றுக்கும் கை வேண்டும். அதை முழுக்க மறைத்துவிட்டு, கழுத்தையும் கண்ணையும் மட்டும் வைத்து அவர் சமாளிக்கிறார். இந்த வேடத்துக்கு உடை தைப்பதே சிரமம். முழங்கைக்குக் கீழே துணி தொங்க வேண்டும், உள்ளே கட்டியிருக்கும் கை தெரியக் கூடாது. உட்கார்ந்து எழுந்திருக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நான் ஒரு பள்ளி நாடகத்துக்கு அதைத் தைத்துக் கொடுத்த பிறகு ராஜம்மாவின் மேல் மரியாதை இரட்டிப்பானது.

ஐம்பதுகளில் நாயகி வேடம் போய் அம்மா வேடம் வந்தது. 'பாவமன்னிப்பு', 'கர்ணன்' என்று வரிசையாக அழுதார். முன்பு ஜோடியாக நடித்த பந்துலு இப்போது இயக்குநர் நாற்காலியில் இருந்தார். 1964இல் குந்தி வேடத்தைக் கொடுத்ததும் அவரே. மகன் உயிரைத் தானே வரமாகக் கேட்டு வாங்கும் தாயை, மிகையாகப் போய்விடக்கூடிய இடங்களில் ராஜம்மா அடக்கியே செய்திருக்கிறார். 2012இல் அந்தப் படம் புதுப்பித்து வந்து மறுபடி நூறு நாள் தாண்டியபோதுதான் என் கடைக்குக் குந்தி கேட்டு வருபவர்கள் கூடினார்கள். ராஜம்மா 1999இலேயே போய்விட்டார்.

ஆனால் குந்தியைவிட நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது 1958இன் கன்னட 'ஸ்கூல் மாஸ்டர்'. ஓய்வுபெற்ற வாத்தியாரையும் மனைவியையும் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். முன்னாள் வாத்தியார் பந்துலுவே வாத்தியார், மனைவி ராஜம்மா. 1973இல் பந்துலு இதைத் தமிழில் எடுத்தபோது ஜெமினி கணேசனும் சௌகார் ஜானகியும் நன்றாகவே செய்தார்கள். இருந்தாலும் கன்னடத்தில் அந்தத் தம்பதி பேசாமல் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஒருவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரிந்திருக்கும். சும்மாவா, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே 'சம்சார நௌகா'வில் புதுத் தம்பதியாகச் சண்டை போட்டவர்கள் ஆயிற்றே!