களையிடையே விளைந்த கதிர்

வலியசாலையின் பெயரோடு காந்தளூர்ச் சாலையை இணைத்துப் பேசுவது நம் வழக்கம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை, காந்தளூரின் ஒழுங்கைப் பின்பற்றி 95 மாணாக்கர்க்கு இடமளித்ததெனச் செப்பேடு கூறும். கல்விக்கு இத்துணைப் பழம்பெருமை வாய்ந்த நாட்டில், ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் எழுத்தறியாதோர் பெருந்தொகையினராய் இருந்தனர். அவர்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த கைகள் முற்றிலும் தூயனவா என்பதை இங்கு ஆராய்வோம்.

1806இல் மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று, லண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே பாதிரியார் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். ஞானஸ்நானம் வேண்டி வந்தோரிற் பலர், தலைவரியினின்றும் கூலியில்லா ஊழியத்தினின்றும் விடுதலை கிடைக்குமென்றே வந்தனர். பாதிரியார் இதனை அறியாதவரல்லர். எனினும் பள்ளிகளை நிறுவினார்.

ரெசிடென்டாகவும் 1811 முதல் 1814 வரை திவானாகவும் விளங்கிய கர்னல் மன்றோ பக்தியுள்ள கிறிஸ்தவர். கிறிஸ்தவக் குடிகள் பெருகினால் ஆங்கிலேயர் ஆட்சிக்குத் துணையாகும் என்பதும் அவரது கணக்கு. பின்னர் மகாராணி கௌரி பார்வதி பாயி, நாகர்கோவில் பள்ளிக்கென வயல் வாங்க 5,000 ரூபாய் அளித்தார். அது அரச தருமமா, ரெசிடென்டின் சொல்லுக்கு இணங்கியதா? இரண்டும் கலந்ததென்றே கொள்ளலாம். 1818இல் நாகர்கோவில் வந்த சார்லஸ் மீட் பாதிரியார் நீதிபதிப் பதவியையும் ஏற்றார். ஊழியத்துக்கு அரசதிகாரம் பொருந்தாதென மேலிடத்தார் கருதவே, அதைத் துறந்தார்.

இவ்வளவு கலப்பினின்றும் விளைந்தது யாது? மார்த்தா மால்ட் அம்மையாரிடம் ரேந்தை பின்னக் கற்ற பெண்களுள் அடிமைகளாயிருந்தோர் சிலர், தம் உழைப்பின் ஊதியத்தால் விடுதலை பெற்றனர். அடிமை முறையை ஒழிக்கும் அரச விளம்பரம் வெளிவந்ததோ 1855இல்தான். 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாயிற்று. நாகர்கோவில் பள்ளி 1893இல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக உயர்ந்தது.

கோதுமையும் களையும் அறுவடைவரை ஒரே வயலில் வளருமென்பது இயேசுபிரான் உரைத்த உவமை. மனித உள்ளமும் அத்தகைய வயலே. களை உண்டென்பதற்காக உழவைக் கைவிடுவோர்க்குக் கதிரும் கிட்டாது. கதிர் கண்டதனால் களையும் பயிராகிவிடாது. நன்மை செய்தவன் தன் உள்நோக்கத்தை இறைவன்முன் சோதித்துக்கொள்ளட்டும். செய்யவேண்டிய நன்மையை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டா.

நம் சங்கத்துக்குப் பொருள் வழங்குங்கால், மலரில் நம் பெயர் அச்சாகுமா என்னும் ஆசை நம்முள்ளும் எழுவதுண்டு. அவ்வாசை அறமன்று. ஆயினும் அந்தத் தொகையால் ஓர் ஏழைச் சிறுவனுக்குப் பாடநூல் கிடைக்குமாயின், அவன் கற்ற எழுத்து மெய்யெழுத்தே. ஆசை அடங்கும்வரை நாம் காத்திருக்கலாம். அவனது பள்ளிப் பருவம் காத்திராது.