பூட்டிய கதவும் திறந்த செவியும்

முதலாம் உலக மகாயுத்தத்தில் பிரித்தானியப் படையினர் சுமார் 80,000 பேர் விநோதமான ஒரு நோய்க்கு ஆளாயினர். உடலில் காயமின்றியே சிலருக்குக் கால்கள் முடங்கின. சிலருக்குப் பேச்சு அற்றுப்போயிற்று. சார்ள்ஸ் மையர்ஸ் என்ற வைத்தியர் 1915இல் 'ஷெல் அதிர்ச்சி' என்ற பெயரை வைத்திய ஏட்டில் ஏற்றினார்.

இலண்டன் குயீன் ஸ்குவயர் வைத்தியசாலையில் லூயிஸ் யெலண்ட் கையாண்ட மருந்து மின்சாரம். 1918இல் அவர் வெளியிட்ட நூலிலேயே 24 வயதுச் சிப்பாய் ஒருவனின் வரலாறு காணப்படுகிறது. மோன்ஸ் முதலாகப் பல போர்முனைகளைக் கண்ட அவன், ஒன்பது மாதங்களாகப் பேச்சிழந்திருந்தான். யெலண்ட் அவனை இருண்ட அறையிலிட்டுக் கதவைப் பூட்டினார். தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். பேசாமல் வெளியேற முடியாது என்றார். அவன் பேசுவதைத் தாம் செவிமடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார். நான்கு மணி நேரத்தின்பின் சிப்பாய் பேசினான். சிகிச்சை வெற்றியெனப் பதிவாயிற்று.

அதே காலத்தில், ஸ்கொத்லாந்தின் கிறெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையில் றிவர்ஸ் என்னும் அறிஞர் நோயாளரை அருகிருத்தி அவர்களது கதையைக் கேட்டார். கொடிய நினைவுகளை அமுக்கிவைப்பதே பலரது நோயை வளர்க்கின்றது என 1917 டிசம்பரில் வைத்தியர் அவையில் வாதித்தார். அவரும் குணமடைந்தோரைப் போருக்கே திருப்பியனுப்பக் கடமைப்பட்டிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

கிறெய்க்லொக்கார்ட் அதிகாரிகளுக்கான வைத்தியசாலை. யெலண்டின் மின்சாரத்தைப் பெற்றோரோ பெரும்பாலும் சாதாரண சிப்பாய்கள். ஒரு வர்க்கத்துக்கு உரையாடல், மறு வர்க்கத்துக்கு மின்சாரம்! பாமரச் சிப்பாயுடன் பேசிக் குணப்படுத்தல் ஆகாத காரியமா? லிவர்பூலுக்கு அண்மையில் மக்கல் வைத்தியசாலை அதனைச் செய்து காட்டியது. றிவர்ஸும் 1915இல் அங்கு பணிபுரிந்தவரே. 1922இல் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்க இசைந்த அவர், தேர்தலுக்கு முன்னரே காலமானார்.

இது பழங்கதையன்று. 2009இல் முடிவுற்ற போர் நம் நாட்டிலும் அவயவம் இழந்தோர் பலரை விட்டுச் சென்றுள்ளது. பொய்க்காலில் நடைபழகும் ஒருவர் திடீரென உறைந்து நின்றால், பயிற்சியை மறுத்தால், அவரைச் சோம்பேறி என்பது எளிது. எதிர்பாராத தொடுகையோ, மூடப்படும் கதவோ, உரத்த கட்டளையோ அவருக்கு எதனை நினைவூட்டிற்று என்று யாரறிவார்? தொடுமுன் அனுமதி கேட்டல், செய்யப்போவதை விளக்கல், 'போதும்' என்றதும் நிறுத்தல் – இவை சலுகைகளல்ல, சிகிச்சையின் அங்கங்கள்.

அந்தச் சிப்பாய்க்குப் பேச்சு மீண்டது. அவன் சொல்லவேண்டியிருந்ததைக் கேட்கத்தான் அந்த அறையில் ஒருவரும் இருக்கவில்லை.