தலைவிதியும் சட்டவிதியும்

வீழ்ந்தவன் மறுபடி எழ முயல்வது மனித இயல்பு. மழை பொய்த்த குடியானவன் அடுத்த பருவத்துக்கு விதைநெல் கடன் கேட்டு அலைகிறான். பரீட்சையில் தவறிய மாணவன் மறுமுறை எழுதுகிறான். வேலையிழந்தவன் வேற்றூருக்குப் போகிறான். இவர்களைப் பற்றிப் பேசும்போது விடாமுயற்சி, மனத்திட்பம், தன்னம்பிக்கை முதலான குணங்களையே நாம் பெரிதும் போற்றுகிறோம். அவை போற்றத்தக்கவையே. ஆயினும் சரித்திரத்தைக் கற்கும் நாம் வேறு சில கேள்விகளையும் கேட்டாக வேண்டும். இவர்களை வீழ்த்தியது எது? மறுமுறை எழுந்து நிற்க இவர்களுக்குக் காலடி மண் இருந்ததா? இருந்தால், அந்த மண் யார் கையில் இருந்தது?

இக்கேள்விகளுக்கு விடை தேட இலங்கையின் மலைநாட்டில் டயகம என்னும் தோட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நுவரெலியா மாவட்டத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய மலைச்சரிவில் அமைந்தது அது. மகாவலி கங்கையின் தலைநீர்களில் ஒன்றான அக்ரா ஓயா அவ்வட்டாரத்தில்தான் ஓடுகிறது. கீழே சமவெளிக்கு இறங்கிய மகாவலியின் நீர் ஆயிரக்கணக்கான குடியேற்றவாசிகளுக்கு வயலும் காணியும் வழங்கிற்று. அந்நதியின் தலைமாட்டில் நான்கு, ஐந்து தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளரில் பெரும்பாலோருக்கோ, குடியிருக்கும் லயத்து அறைகூடச் சொந்தமாகவில்லை. இந்த முரண்பாட்டை அங்குள்ள முதியோர் பலர் 'தலையெழுத்து' என்பர். அத்தலையெழுத்தை எழுதிய கைகள் எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பி அழிந்த காலம்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இம்மக்கள் கடல் கடந்தனர். நிலமின்மை, சாதிக் கொடுமை, அடிக்கடி நேர்ந்த பஞ்சம் ஆகிய மூன்றும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானோர் அவ்வழி நெடுகப் புதைந்தனர். கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்கள் அவர்கள் தேடி வந்த மறுவாய்ப்பாக இருந்தன.

1869இல் கோப்பிச் செடியின் இலைகளில் ஒருவகைத் துரு நோய் தோன்றியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பித் தொழில் படுத்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் பாங்கும் முறிந்தது. முதலிழந்த துரைமார் பலர் நாட்டைவிட்டே போயினர். மிஞ்சியவர்கள் தேயிலைக்கு மாறினர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அவர்களுக்கு வழிகாட்டிற்று. இங்கிலாந்தின் மூலதனம் கைகொடுத்தது. ஆக, வீழ்ந்த தோட்ட முதலாளிக்கு இரண்டாம் வாய்ப்பு இருந்தது. நிலம் அவர் கையில், கடன் கொடுக்கும் பாங்கு அவர் பக்கம், அரசாங்கம் அவருக்கு அநுகூலம்.

தொழிலாளிக்கு இருந்ததென்ன? கங்காணியிடம் வாங்கிய முன்பணம் ஒன்றே. கோப்பிக்குப் பருவகால உழைப்புப் போதுமானது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய தேயிலைக்கோ நிரந்தரத் தொழிலாளர் வேண்டும். ஆகவே பெண்டு பிள்ளைகளோடு லயத்தில் தங்கலாயினர். கடன் தீர்த்தால்தான் விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' இன்றி ஒரு தோட்டத்தாரை மறு தோட்டம் ஏற்காது. புதிய துரை பழைய கடனைக் கட்டுவார். அந்தக் கடன் தொழிலாளியோடு கூடவே போகும். இடம் மாறலாம், நிலைமை மாறாது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளரிடையே பாட்டாலும் பேச்சாலும் விழிப்பூட்டினார். 1939இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். தலைவிதி என்று குனிந்திருந்த சமூகம் நிமிரத் தொடங்கியதன் விலை அது.

இரண்டாண்டு அவகாசம்

1947இல் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் 7 பிரதிநிதிகள் பாராளுமன்றம் புகுந்தனர். சௌமியமூர்த்தி தொண்டமானும் சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றது. ஆளும் வர்க்கம் இதைக் கணக்கில் கொண்டது. மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. இதை இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்தன. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி பிறப்பதற்கும் இப்பிரச்சினை ஒரு காரணமாயிற்று.

பிறகு, 'உங்களுக்கும் ஒரு வாய்ப்புத் தருகிறோம்' என்பதுபோல் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946க்கு முன்னரே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இடையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். நிச்சயமான வருமானத்துக்குச் சான்று வேண்டும். மனைவியும் இளம் பிள்ளைகளும் உடன் வசித்திருக்க வேண்டும்.

காகிதத்தில் இவை எளிய நிபந்தனைகள். லயத்து வாழ்க்கையில் இவற்றின் பொருளை எண்ணிப் பாருங்கள். தாயின் இறுதிக் காலத்தில் ஊருக்குப் போனவன், அங்கே நோயுற்றோ கப்பற்கூலி இன்றியோ ஓராண்டைக் கடந்துவிட்டால், அவனுடைய இருபதாண்டு உழைப்பும் ஒரு நொடியில் செல்லாக்காசு. பிரசவத்துக்குப் பிறந்தகம் போன மனைவி புருஷனின் உரிமைக்குக் கேடு. பிறப்பைப் பதியத் தோட்டத்து எழுத்தர் மறந்தால் அக்குற்றம் பிறந்த குழந்தையின் தலையில். பிள்ளைக் கடமை, நோய், பேறு, வறுமை என்னும் வாழ்வின் சாதாரண நிகழ்ச்சிகள் யாவும் சட்டத்தின் கண்ணில் குறைபாடுகளாயின. அவரவர் வீட்டு இடர் என்று தோன்றியவற்றுக்கு அரசியல் முகம் இருந்தது.

இங்கே தலைவர்களையும் சரித்திரம் விசாரிக்க வேண்டும். இச்சட்டத்தைப் புறக்கணிக்குமாறு காங்கிரஸ் முதலில் கூறிற்று. கெடு நெருங்கியபோது விண்ணப்பிக்கச் சொல்லிற்று. சான்று திரட்ட இருந்த காலத்தில் ஒரு பகுதி வீணாயிற்று. எனினும் 1951 ஆகஸ்டுக்குள் ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன. அவை 8 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் குறித்தன. எழுத்தறியாதார் என்று இகழப்பட்டோர் ஆசிரியரையும் கணக்கப்பிள்ளையையும் தொழிற்சங்கத் தொண்டரையும் நாடி எழுதிக் குவித்த மனுக்கள் இவை. 'நாங்கள் இந்நாட்டார்' என்று ஒரு சமூகம் முழுவதும் ஒரே குரலில் கூறியதற்கு இதனினும் பெரிய சாசனம் வேண்டுமா? ஆனால் 1964 வரையில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. 1952இல் நிகழ்ந்த சத்தியாக்கிரகமும் பயன்தரவில்லை. கொடக்கன் பிள்ளை என்பார் தமது வாக்குரிமைக்காகத் தொடுத்த வழக்கு, வாக்காளர் இடாப்பைத் திருத்தும் அதிகாரியிடம் வென்று, உயர்நீதிமன்றத்தில் தோற்று, 1953இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது.

1956: டயகமவின் சாட்சி

1956ஆம் ஆண்டை இலங்கையின் சரித்திர நூல்கள் 'தனிச் சிங்களச் சட்டம்' வந்த ஆண்டாக நினைவுகூர்கின்றன. அதே ஆண்டில் டயகமத் தோட்டத்தில் தொழிலாளர் போராட்டம் ஒன்று மூண்டது. பொலீசார் சுட்டதில் இறந்தவர் பெயர் ஏப்ரகாம் சிங்கோ. அவர் சிங்களத் தொழிலாளி. கொழும்பில் மொழியின் பேரால் மக்களைப் பிரித்துச் சட்டம் இயற்றிய அதே காலத்தில், பனி மூடிய இம்மலையில் தமிழ்த் தொழிலாளரின் போராட்டத்தில் ஒரு சிங்களத் தொழிலாளியின் குருதி சிந்திற்று.

இந்நிகழ்ச்சியை மிகைப்படுத்தி, இன ஒற்றுமை அப்பொழுதே கைகூடிவிட்டதாகக் கற்பனை செய்வது சரித்திரத்துக்குத் துரோகமாகும். பின் வந்த ஆண்டுகள் அப்படிச் சொல்ல இடந்தரவில்லை. எனினும் இப்படியும் நடக்க முடிந்தது என்பதற்கு டயகம சாட்சி. முல்லோயாக் கோவிந்தன் முதல், நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணியைத் துண்டாடுவதை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் வரையில் நீளும் தியாகிகள் வரிசையில், மலையக மக்கள் ஏப்ரகாம் சிங்கோவின் பெயரையும் சேர்த்தே சொல்கின்றனர். அந்தப் பட்டியலில் இனம் கேட்கப்படவில்லை.

கப்பலேறியவர்கள்

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி ஒன்றரை லட்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது முடிவு. 1974இல் அம்மீதியும் பாதி பாதியாயிற்று. சந்தையில் மூட்டை பங்கிடுவோரும் மூட்டைக்குரியவனைக் கேட்பதுண்டு. இங்கே சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை.

1948இல் இம்மக்களுக்காகக் குரலெழுப்பிய இடதுசாரி இயக்கத்தின் பெரும் பிரிவான லங்கா சமசமாஜக் கட்சி, 1964இல் அதே அரசாங்கத்தில் மந்திரி பதவிகளில் இருந்தது. இதைச் சொல்லாமல் விடுவது நமக்கு அழகன்று. வாக்கற்ற தொழிலாளியை வாக்குக் கணக்கு மறக்கடித்தது. முற்போக்காளர் எவரும் தம்மைத்தாமே விசாரித்துக்கொள்ள வேண்டிய ஏடு இது.

ஒரே லயத்தில் அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று பிரிந்தனர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து தமிழகமெங்கும் சிதறினர். தாயகம் திரும்பியோர் என்பது அவர்களுக்கு அரசாங்கம் இட்ட பெயர். பாட்டன் பிறந்த ஊரைப் பேரன் அறியான். ஊரும் அவனை அறியாது. வாணிபக் கடன் பெற்றுக் கடை வைத்தவர் பலர் நொடித்தனர். கொடைக்கானல் மலையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு மரம் வெட்டும் கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் உண்டு. பாட்டனைப் பிணித்த கடன், கடல் கடந்து பேரனையும் பிடித்தது. அவ்வாறே பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்த தமிழர் சென்னையில் கடைவீதி அமைத்து மெல்ல நிமிர்ந்தனர். வாணிபம் பழகியோர் அவர்களுள் பலர். மலையிலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்த தொழில் தேயிலை ஒன்றுதான். 1968இல் தமிழக அரசு அவர்களுக்கென நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடியும் கூடை சுமந்தனர். இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று அழைக்கப்பட்டவர்கள், இந்தியாவில் 'சிலோன்காரர்' ஆயினர்.

தங்கியவர்கள்

1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் தேசியமயமாயின. 1977 வன்செயலுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் பெயர்ந்தன. டேவிட், இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் குடியேற்றப் பண்ணைகள் அமைத்தது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மண் கிடைத்த இடத்தில் யுத்தம் வந்தது.

1984இல் கப்பல் நின்றது. அதே ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைத்தது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக முடியாமல் தங்கியவர்களின் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை தீரவில்லை. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தோருக்கும் அவர்தம் சந்ததிக்கும் அச்சட்டம் பிரஜாவுரிமை அளித்தது. 1948இல் பறித்ததை முற்றாகத் திருப்பித் தர 55 ஆண்டுகள் பிடித்தன. பறிக்கப்பட்டவருள் எத்தனை பேர் அதைக் காண உயிரோடிருந்தனர்?

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? மறுவாய்ப்பு இம்மக்களுக்கு எவருடைய கருணையாலும் வந்ததில்லை. மனு எழுதி, வேலைநிறுத்தம் செய்து, சங்கம் கட்டி, சில வேளை உயிரையும் கொடுத்து, அவர்கள் அதைத் தேடினர். வந்த சிறிதளவும் காலம் கடந்தே வந்தது. அந்தத் தாமதமும் ஒரு தண்டனையே.

இன்று மலையகத்தின் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் தவறினால், கொழும்புக் கடைகளும் வீட்டு வேலையும் அவர்களை விரைந்து அழைத்துக்கொள்கின்றன. மறுமுறை எழுத ஓராண்டு காத்திருப்பதற்கு வீட்டில் ஓராண்டுச் சோறு வேண்டும். 1,000 ரூபா நாட்கூலிக்கு 2021 வரை போராட வேண்டியிருந்த வீடு அது. இம்மாணவனைப் பார்த்து 'உனக்கு முயற்சி போதாது' என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்லுமுன், அவனுடைய பாட்டனின் மனுவை நிராகரித்த கடிதத்தையும், பெரியப்பன் ஏறிய கப்பலையும், பிறர் பெயரில் இருக்கும் லயத்து அறையையும் நினைத்துப் பார்க்க ஆசிரியர் கடமைப்பட்டவர். முயற்சியைக் கற்பிப்போம், அதோடு, முயற்சிக்குத் தேவையான மண்ணையும் கல்வியையும் கூலியையும் உரிமையாகக் கேட்கவும் கற்பிப்போம். சட்டம் எழுதிய விதியை மக்கள் திருத்தி எழுத முடியும் என்பதற்கு இச்சரித்திரமே ஆதாரம்.