சலரோகமும் உடற்குறிகளும்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளே பண்டைய வைத்தியரின் கருவிப்பெட்டி. குழாய்களும் நுணுக்குக்காட்டிகளும் தோன்றுமுன் அவர் நோயாளியின் உடலையே ஏடாக விரித்து, நோயின் கதையை அதிற் படித்தார். சலரோகம், நீரிழிவு, மதுமேகம் எனப் பல பெயரால் வழங்கும் நோயின் வரலாற்றை நோக்கினால், இப்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்நோயைக் கண்டறிய உதவியமை புலனாகும். நாவும் மூக்கும் கண்ணும் முந்திக்கொண்டன. பாதத்தைத் தொட்டறியும் விரலோ நெடுங்காலம் பின்தங்கி நின்றது. அவ்வாறு பின்தங்கியதனால் கால் இழந்தோர் எண்ணிறந்தோர். அந்தத் தாமதமும், அது நீங்கிய வகையும் அறியத்தக்க வரலாறாகும்.

கிறித்து பிறப்பதற்கு முன்னும் பின்னுமான சில நூற்றாண்டுகளிற் தொகுக்கப்பெற்றவை சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் நாடி வருவதை அவ்விரு நூல் மரபினரும் அறிந்திருந்தனர். அவர்தம் அவதானம் சிறுநீரோடு நின்றுவிடவில்லை. பிறவியிலேயே நோய்க்கு இலக்காகி மெலிந்து வறண்டு வாடுவோர் ஒருவகையினர், தகாத உணவாலும் உழைப்பின்மையாலும் பருத்து நோயுறுவோர் மற்றொரு வகையினர் எனச் சுசுருதர் பிரித்துரைத்தார். நோயாளியின் மேனியில் எழும் கட்டிகளைச் சரகர் ஏழெனவும் சுசுருதர் பத்தெனவும் எண்ணினர். இவை யாவற்றினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. நோய் முற்றுமுன் தோன்றும் அறிகுறிகளைத் தொகுத்துரைக்கும் சரகர், கைகளும் கால்களும் மரத்துப்போதலையும் எரிவு காணுதலையும் அவற்றுட் சேர்த்துள்ளார். இன்றைய வைத்தியர் நரம்புத் தளர்ச்சியின் முதற்குறியென எதனைக் கொள்வரோ, அதுவே அவ்வேட்டில் இடம்பெற்றிருக்கின்றது. ஆயினும், மரத்த காலால் விளையும் கேட்டை வைத்தியவுலகம் முழுதாக உணர்வதற்கு ஈராயிரம் ஆண்டளவு கழிய வேண்டியிருந்தது.

மேற்றிசையிற் கப்பதோசிய நாட்டு அரெத்தையசு என்னும் கிரேக்க வைத்தியர், தசையும் உறுப்பும் உருகி நீராய் ஒழுகும் நோயென இதனை வருணித்தார். தணியாத தாகமும் நாளும் மெலியும் உடலும் அவர் கண்ட குறிகள். இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் 1674ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளியின் சிறுநீர் தேன் போல இனிப்பதை எடுத்துரைத்தார். 1776ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்து மத்தியூ டொப்சன், அந்நீரைக் காய்ச்சி வற்றச்செய்து எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையே எனக் காட்டினார். இரத்தத்தின் தெளிநீரும் இனித்ததை அவர் கண்டமையால், இது சிறுநீரகத்தை மட்டும் பற்றிய நோயன்று, உடல் முழுவதையும் பற்றியது என்னும் எண்ணத்திற்கு வழி பிறந்தது.

நா செய்த பணியைப் பின்னர் இரசாயனம் ஏற்றுக்கொண்டது. நோயாளியை நோக்கிய கண், நாளடைவிற் கண்ணாடிக் குழாயை நோக்கத் தலைப்பட்டது. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் உடலிற் காணும் குறிகளை மறக்கலாகாது என்பதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நுண்ணிய நோக்குடைய வைத்தியர் சிலர் நினைவூட்டிக்கொண்டே இருந்தனர்.

அவர்களுள் ஒருவர் ஜேர்மனிய வைத்தியர் அடொல்ப் குஸ்மோல். நோய் முற்றி உயிர் ஊசலாடும் நிலையில் நோயாளர் சிலர் ஒருவகையாக மூச்சுவிடுவதை அவர் கண்டார். காற்றுக் குழாயில் தடையேதும் இல்லை. மார்பு முழுவதும் விரிந்து, ஆழமாகவும் ஓயாமலும் காற்றை இழுத்தது. நினைவு மங்கிக் கிடப்பவர் அத்துணை வலிமையோடு மூச்செறிவது அவருக்கு வியப்பளித்தது. 1874ஆம் ஆண்டில் அவர் அதனை எழுதி வெளியிட்டார். இன்றும் அம்மூச்சு அவர் பெயராலேயே வழங்குகின்றது. உடலிற் கொழுப்பு அளவிறந்து சிதைவதால் இரத்தத்தில் அமிலம் பெருக, அதனை வெளியேற்ற உடல் செய்யும் பெருமுயற்சியே அது எனப் பிற்கால அறிவு விளக்கிற்று. அம்மூச்சோடு கூடிவருவது பழம் கனிந்ததையொத்த ஒரு வாசனை. அதற்குக் காரணமாகிய அசற்றோன் என்னும் பொருளை வில்லெம் பெற்றர்ஸ் 1857ஆம் ஆண்டிலேயே நோயாளியின் சிறுநீரிற் கண்டிருந்தார். நோயாளியின் அறையுள் நுழைந்தவுடனே மூக்கினால் நோயை அறிந்த வைத்தியரும் இருந்தனர்.

கண்ணின் பணி 1851ஆம் ஆண்டிற் புதுவழி பெற்றது. அவ்வாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள மனிதரின் விழிக்குள்ளே ஒளியைச் செலுத்தி அதன் பின்திரையைக் காணும் கருவியை உலகுக்கு அறிவித்தார். உடலைக் கீறாமலே இரத்தக் குழாய்களை நேரே காணத்தக்க இடம் விழித்திரை. நான்கு ஆண்டுகளின் பின், 1855இல், வியன்னா நகரத்து எட்வார்ட் யேகர் சலரோகி ஒருவரின் விழித்திரையிற் கண்ட மாற்றங்களை எழுதினார். அவை அந்நோயின் விளைவுதானா என ஐயுற்றோர் பலர். அவ்வையம் நெடுநாள் நீடித்தது. விழித்திரையின் நுண்குழாய்களிற் குண்டூசித் தலையினும் சிறியனவாய்ப் புடைத்து நிற்கும் செம்புள்ளிகளே இந்நோயின் தொடக்கக் குறி என்பது, 1940களிற் கிளாஸ்கோ நகரத்து பலன்டைன் என்பவரின் ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது.

தோலும் மூட்டும் தம் சான்றைப் பின்னரே கூறின. கழுத்தின் புறத்தே தோல் கறுத்துப் பட்டுப்போலத் தடித்தல், இன்சுலினுக்கு உடல் இணங்காமையின் அடையாளமாகலாம் என 1976ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டினர். நெடுநாள் நோயுற்றோர் கைகூப்பும்போது, மூட்டுகள் இறுகியமையால் உள்ளங்கைகளும் விரல்களும் ஒன்றோடொன்று முற்றும் படியாமையும் ஒரு குறியாகக் கொள்ளப்பட்டது. வணங்கக் கூப்பும் கையிலேயே நோயின் தடம் தெரியும் என்பது கருதத்தக்கது.

இனி, நரம்பின் கதைக்கு வருவோம். 1849ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னார்ட், முயலின் மூளையடியில் ஓரிடத்தை ஊசியாற் குத்த, அதன் சிறுநீரிற் சர்க்கரை தோன்றியதைக் கண்டார். ஆதலின், நரம்பின் கோளாறே சலரோகத்தைப் பிறப்பிக்கின்றது எனப் பலர் நம்பினர். 1864ஆம் ஆண்டில் மார்ஷல் த கல்வி என்பார் இக்கொள்கையைத் தலைகீழாக்கினார். நரம்புக்கேடு நோயின் காரணம் அன்று, அதன் விளைவே என்றார் அவர். முழங்காலின் கீழுள்ள நாணைத் தட்டினாற் கால் தெறித்தெழும் தெறிவினையை ஏர்ப், வெஸ்ற்பால் என்னும் இருவரும் 1875இல் தனித்தனியே விளக்கியிருந்தனர். 1884ஆம் ஆண்டிற் பூஷார் என்னும் பிரெஞ்சு வைத்தியர், சலரோகிகள் பலரிடம் அத்தெறிவினை அற்றுப்போயிருப்பதை அறிவித்தார். வைத்தியரின் கையிலிருந்த ஒரு சிறு சுத்தியல், நோயாளியே அறியாத நரம்புக்கேட்டை வெளிப்படுத்திற்று.

1887ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து டேவிஸ் பிறைஸ், இரு பாதங்களிலும் ஆழத் துளைத்த புண்ணுடைய சலரோகி ஒருவரைப் பற்றி எழுதினார். புண்ணின் அளவுக்கு வலி இல்லை. பாத நரம்புகள் சிதைந்திருந்தன. புண்ணுக்கும் உணர்ச்சிக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை அவர் உணர்ந்தார். ஆயினும் அக்காலத்திற் சலரோகிகள் பெரும்பாலும் நெடிது வாழ்ந்திலர். பாதத்தைப் பற்றிக் கவலைகொள்ளுமுன் நோயே உயிரைக் கவர்ந்தது.

1921ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 சனவரியில் லெனார்ட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. மரணத்தின் வாயிலில் நின்றோர் மீண்டனர். குஸ்மோல் கண்ட மூச்சோடு மாண்டோர் தொகை குறைந்தது. ஆனால், ஆயுள் நீண்டபோது, அதுகாறும் மறைந்திருந்த பகை வெளிப்பட்டது. பொஸ்டன் நகரத்து எலியட் ஜொஸ்லின் 1934ஆம் ஆண்டில், சலரோகிகளின் பாதத்தில் தோன்றும் தசையழுகலின் பயங்கரத்தை எடுத்துரைத்து, அது பெரும்பாலும் தடுக்கத்தக்கதே என்று வற்புறுத்தினார். நாள்தோறும் பாதத்தைக் கழுவுக, உலர்த்துக, உற்றுநோக்குக என்று அவர் நோயாளருக்குப் போதித்தார்.

பாதத்தை நோக்குவது எளிது. அதில் எதனைத் தேடுவது? 1956ஆம் ஆண்டில் இலண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர்கள் இதற்குத் தெளிவான விடை தந்தனர். நரம்புக்கேடு, இரத்தவோட்டக் குறைவு, கிருமித்தொற்று என்னும் மூன்றையும் அவர்கள் வேறுபிரித்துக் காட்டினர். குருதி குன்றிய பாதம் குளிர்ந்திருக்கும், நாடி புலப்படாது, சிறிது நடந்தாலும் கெண்டைக்கால் நோகலாம். நரம்பு கெட்ட பாதமோ வெதுவெதுப்பாய், நாடி நன்கு துடிப்பதாய், பார்வைக்கு நலமுடையதாய் இருக்கும். தோல் வறண்டு, அழுத்தம் படும் இடங்களிற் காய்ப்பு ஏறியிருக்கும். அங்கே ஆணி தைத்தாலும் உடையவர் அறியார். நோகாத பாதம் நலமான பாதம் என்று கருதுவது மனித இயல்பு. இந்நோயில் அவ்வியல்பே பகையாகின்றது.

இவ்வுண்மையை முழுதும் துலக்கியது தமிழ்நாட்டில் நிகழ்ந்த தொழுநோய் ஆராய்ச்சி என்பது பலர் அறியாதது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டிற் பிறந்த ஆங்கிலேயர் போல் பிராண்ட், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரவைத்தியராக வந்தார். செங்கற்பட்டில் ரொபேர்ட் கொக்கிரேன் நடத்திய தொழுநோய் நிலையத்தைப் பார்வையிடச் சென்றபோது, விரல் மடங்கிய நோயாளி ஒருவரின் கையை அவர் பற்றினார். உளுத்த கையென எண்ணிய அது அவர் கையை இரும்புப்பிடியாகப் பற்றி நோவச் செய்தது. தசையில் வலிமை இருக்கின்றது. ஆயின் விரல்கள் ஏன் அழிகின்றன? துருப்பிடித்த பூட்டை அவராலே திறக்க இயலாதபோது, நோயாளியாகிய சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனோ அதனை அறிந்திலன். இதனை பிராண்ட் பிற்காலத்தில் எழுதியுள்ளார். தொழுநோய் தசையைத் தின்பதில்லை. வலியை உணரும் ஆற்றலைக் கவர்கின்றது. வலியறியாதவன் தன் உறுப்பைத் தானே அழித்துக்கொள்கின்றான் என்பது அவர் கண்ட முடிவு. நோயாளிகள் நடந்து திரிந்த பின் அவர்தம் பாதங்களைக் கையால் தடவி, சூடு மிகுந்திருக்கும் இடத்தை அறிந்து, அங்கே புண் தோன்றவிருப்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்தார். வேலூரில் மென்மையான நுண்துளை இறப்பரிற் பாதணிகள் செய்யப்பட்டன.

1966ஆம் ஆண்டில் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே சலரோகிகளின் பாதங்கள் அவர் முன் வந்தன. வேலூரிற் கண்ட புண்களையே அவர் அங்கும் கண்டார். நோய் வேறு, கிருமி வேறு. வலியின்மை ஒன்றே இரண்டுக்கும் பொது.

ஒரு பாதம் காவலற்றுப்போய்விட்டது என்பதை எவ்வாறு அளப்பது? அதற்கு விடையும் கார்வில்லிலேயே கிடைத்தது. ஜேர்மனியில் வொன் பிறே என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மயிரிழைகளாற் தொடுவுணர்வை அளந்தார். செம்ஸ், வைன்ஸ்ரைன் என்போர் 1960ஆம் ஆண்டில் அவ்விழைகளுக்கு மாறாக நைலோன் இழைகளைப் பயன்படுத்தினர். 1986ஆம் ஆண்டிற் கார்வில்லைச் சேர்ந்த பேர்க், சிம்ஸ் என்னும் இருவர் தொழுநோயாளரையும் சலரோகிகளையும் சோதித்தனர். பத்துக் கிராம் விசையில் வளையும் இழையின் தொடுகையை உணராத பாதமே புண்ணுக்கு இலக்காகும் பாதம் என அவர்கள் காட்டினர். இன்று உலகெங்கும் சலரோகச் சிகிச்சை நிலையங்களில் உள்ள அந்த நைலோன் இழையின் முன்வரலாறு, ஒருவகையில் வேலூரோடும் செங்கற்பட்டோடும் பிணைந்தது.

இழையும் கிடைக்காத இடத்தில் என் செய்வது? 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் வைத்தியசாலையினர் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். நோயாளி கண்ணை மூடியிருக்க, மற்றொருவர் தம் சுட்டுவிரல் நுனியால், இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகிய ஆறின் நுனிகளையும் ஒவ்வொன்றாக ஓரிரு விநாடி மெல்லத் தொடுதல் வேண்டும். அழுத்தலாகாது, தட்டலாகாது. ஆறனுள் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடின், அப்பாதம் ஆபத்துக்குட்பட்டது. நைலோன் இழை தரும் முடிவுக்கு இது பெரிதும் ஒத்துவந்தது. மனைவி கணவனையும், மகள் தாயையும் இவ்வாறு சோதிக்கலாம். வைத்தியரின் முழுப் பரிசோதனைக்கு இது ஈடாகாது. அதனை நாடவேண்டிய காலத்தை இது அறிவிக்கும்.

வெறுங்காலோடு வயலிலும் முற்றத்திலும் நடமாடுவோர், கோயில் வீதியின் சுடுமணலில் அடியெடுத்து வைப்போர் நிறைந்த நாடுகளில் இதன் பயன் சொல்லாமலே விளங்கும். மணலின் சூட்டை உணராத பாதம் கொப்புளம் கண்ட பின்னும் நடந்துகொண்டே இருக்கும். நாவாற் சுவைத்தும், மூக்கால் முகர்ந்தும், விழிக்குள் ஒளி பாய்ச்சியும் சலரோகத்தை ஆராய்ந்த வைத்தியம், சரகர் ஏட்டிற் குறித்த மரத்துப்போன காலினிடத்தே மீண்டும் வந்து நிற்கின்றது. இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளந்தபின், செருப்பையும் கழற்றச் சொல்லும் வைத்தியரே அதன் பயனை உணர்ந்தவர். பாதத்தைக் காணாத பரிசோதனை பாதிப் பரிசோதனையே.