குண்டா, குடுவையா?

மண்ணுக்குள் புதைந்த பொருள் தன்னைத் தோண்டி எடுப்பவரிடம் தன் பெயரைச் சொல்வதில்லை. பெயரை நாமே சூட்ட வேண்டியிருக்கிறது. அது பிழையானால் ஒரு சமுதாயத்தைப் பற்றிய எண்ணமும் பிழையாகிவிடும்.

எகிப்து முதல் மத்திய ஆசியா வரை, பழைய முஸ்லிம் நகரங்களின் இடிபாடுகளில் ஒருவகைச் சுடுமண் கலங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவை கி.பி. 9 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. உருண்ட வயிறு; பம்பரம்போல் கூம்பிய அடி; கல்லென இறுகிய தடித்த சுவர்; மிகச் சிறிய வாய். தரையில் வைத்தால் நில்லா. இவை யாவை?

'நஃப்த்' என்னும் எரிநெய்யை நிரப்பிப் பகைவர்மீது வீசிய எறிகுண்டுகள் என்றனர் சிலர். பாதரசம் அடைத்த கலங்கள் என்றனர் வேறு சிலர். 1992-இல் 'முகர்னஸ்' ஆய்விதழில் கூசானீ, அத்ல் என்னும் ஈரானிய அறிஞர் இருவர் பழைய நூற்சான்றுகளைக் கொண்டு வேறொரு விடை தந்தனர். இவை 'ஃபுக்காஉ' என்னும் பானம் அருந்தும் குடுவைகள் என்பதே அவ்விடை.

ஃபுக்காஉ என்பது வாற்கோதுமை முதலியவற்றைச் சிறிதளவே புளிக்கவைத்துச் செய்த நுரைபானம். அரபியில் 'ஃபுக்காஆ' என்றால் நீர்க்குமிழி. நுரை பொங்குவதால் பானத்திற்கு இப்பெயர் வந்தது. பொங்கும் பானத்தை அடைத்துவைக்கத் தடித்த சுவரும் சிறிய வாயும் வேண்டுமல்லவா? குடுவைகள் சிலவற்றில் 'இன்பமாய்ப் பருகுக' என்னும் பொருள்பட அரபு வாசகம் பொறிக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. எறிகுண்டின்மீது எவரும் அப்படி எழுதார்!

பக்தாதில் 10-ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்-வர்ராக் தொகுத்த சமையல் நூலில் இதன் செய்முறைகள் உள்ளன. அப்படியாயின் இது மதுவா? மார்க்க அறிஞர்கள் இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தனர். ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (மறைவு 1223) தம் 'அல்-முக்னீ'யில் இதை ஆகுமானதென்கிறார். அது போதை தருவதில்லை, நாட்பட்டால் கெட்டுப்போகும் என்பது அவர் காட்டும் காரணம். ஷீஆ அறிஞர் அத்தூஸீயோ (மறைவு 1067) இதை ஹராம் என நிறுவத் தனி நூலே எழுதினார். எகிப்தை ஆண்ட ஃபாத்திமீ கலீஃபா அல்-ஹாகிம், ஹிஜ்ரி 395-இல் இதற்குத் தடை விதித்தார். ஆக, கடைத்தெருவில் விற்ற ஒரு பானம் அரசாணைக்கும் சட்ட விவாதத்திற்கும் உரியதாயிற்று.

எனினும் எல்லாக் கலங்களும் இப்பானத்திற்கே உரியவை எனத் துணிதலும் தவறே. ஜெரூசலத்தில் அகழ்ந்தெடுத்த நான்கு ஓட்டுத் துண்டுகளின் வேதியியல் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒன்றில் வெடிபொருளாக இருக்கக்கூடிய எச்சம் தென்பட்டது. மற்றவற்றில் எண்ணெய், நறுமணப்பொருள், மருந்து ஆகியவற்றின் சாயல்கள் காணப்பட்டன. ஒரே வடிவக் கலம் பல பணிகளுக்குப் பயன்பட்டிருக்கிறது.

முஸ்லிம்களின் பழம்பொருள் என்றதும் படைக்கலத்தையே நினைப்போர் உண்டு. அவர்கள் குண்டு என்று எடுத்துவைத்தவற்றுள், வெயிலில் வந்தவர் தாகம் தணித்த குடுவைகளும் இருந்தன. மண்வெட்டி வெளிக்கொணர்ந்ததை அடையாளம் காண ஏடும் வேண்டும், ஆய்வுக்கூடமும் வேண்டும். அவசரப்படாத உள்ளமும் வேண்டும்.