மட்டக்களப்பு வாவிக்கரையில் மனை விற்பனையும் தரகுக் கூலியும்

மட்டக்களப்பு வாவி தன் இருமருங்கும் வாழும் மக்களை எழுவான்கரையார், படுவான்கரையார் என இரு கூறாக்கி நிற்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் ஊர்கள் நெருங்கி அமைந்தன. மேற்கே படுவான்கரையில் வயல்கள் விரிந்தன. இவ்விரு கரைக்கும் பொதுவானதொரு வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்குரியது என்பதே அது. இதனை மறந்து இப்பகுதியின் வீட்டு விற்பனையைப் பற்றி ஆராயப் புகுவது அத்திவாரமின்றிச் சுவர் எழுப்புவதை ஒக்கும். விற்பனைக்கு இடைநிற்கும் தரகர் எத்தகையவராதல் வேண்டும், அவர் பெறும் கூலி எதன் பொருட்டு என்னும் வினாக்கள் வீடு விற்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் எதிர்நோக்குவன. அவற்றுக்கு விடை காண, அக்கூலிக்கு இடமில்லாதிருந்த பழைய நிலையிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

பழைய மட்டக்களப்பில் முதுசச் சொத்துத் தாய்வழியே இறங்கியது. ஆடவன் ஒருவன் தான் பெற்ற முதுசத்தைத் தன் மக்களுக்கன்றி உடன்பிறந்தாளின் மக்களுக்கே விட்டுச் சென்றான். முக்குவர் சட்டம் என வழங்கிய இம்முறையைப் பிரித்தோ என்பார் தொகுத்து 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். காலப்போக்கில் சொத்து மகளிருக்கே சீதனமாக நேரிற் செல்லும் வழக்கம் வலுப்பெற்றது. அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு முதல் ஆய்வு நிகழ்த்திய அமெரிக்க மானிடவியலாளர் தெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வழக்கம் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ஒருங்கே நிலவுவதை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். மூத்த மகள் மணம் முடிக்குங்கால் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை அவளுக்கு அளித்து, அண்மையில் வேறொரு வீட்டுக்குப் பெயர்வர். இளையவளின் முறை வருங்கால் மீண்டும் பெயர்வர். மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான்.

இத்தகைய ஒழுங்கில் வீடு கைமாறுவதற்குச் சந்தை தேவைப்படவில்லை; திருமணமே வாயிலாயிற்று. வீடு யாருடையது, வளவின் எல்லை யாது, அதன்மேல் யாருக்குச் சீவிய உருத்து உண்டு என்பனவற்றை உறவினரும் அயலாரும் நன்கறிந்திருந்தனர். இன்று வீடு வாங்குவோன் காசு கொடுத்து அறிய வேண்டிய செய்திகள் அனைத்தும் அன்று ஊராரின் நினைவிற் கூலியின்றிக் கிடைத்தன. தரகர், நொத்தாரிசு, பதிவாளர், நில அளவையாளர் என இன்று நால்வர் பகிர்ந்து செய்யும் பணியை அன்று குடியும் ஊரும் ஒருங்கே செய்தன எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை படிப்படியாக மாறியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையிருக்கக் கைச்சாத்திடப்பட்டாலன்றிச் செல்லாது என விதித்தது. விற்பனை மட்டுமன்று, விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதியும் இவ்விதிக்கு உட்பட்டது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் முக்குவர் சட்டத்தின் வலிமையை நீக்கியது. மனைவியின் அசையாச் சொத்து அவளுக்கே தனியுரியது என இச்சட்டம் ஒப்புக்கொண்டதாயினும், அதனை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் எனவும் கூறிற்று. தாய்வழியே வீட்டைப் பெற்ற மட்டக்களப்புப் பெண் அதனை விற்கக் கணவனின் கையெழுத்தை நாடவேண்டியவளானாள். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டமே இத்தளையை அறுத்தது.

இங்கு யாழ்ப்பாணத்தோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கு தேசவழமைப்படி, பங்காளிக்கும் உரித்தாளருக்கும் பிறரினும் முன்னர்க் காணியை வாங்கும் உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அதற்கு ஒழுங்கு வகுத்தது. எனவே விற்பவர் தம் உறவினருக்கு முன்னறிவித்தல் கொடுக்கக் கடமைப்பட்டவராவர். மட்டக்களப்புக்கு அவ்வேலி இல்லை. இங்குப் பொதுச் சட்டமே செல்லும். வீட்டை விற்கும்போது உடன்பிறந்தாரைக் கேட்பதும் கேளாததும் விற்பவரின் மனச்சான்றையும், இடைநிற்பவரின் நேர்மையையும் பொறுத்ததாயிற்று. ஆகவே, தரகரைத் தெரிந்துகொள்ளுதல் வாவிக்கரையில் வெறும் வணிகக் காரியமன்று.

எழுத்தின் ஆட்சி வந்தபின் ஊராரின் நினைவு உறுதிப் பத்திரங்களிற் குடியேறியது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசின் கடமைகளை வரையறுத்தது. உறுதி எழுதுமுன் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தல், விலைப்பணம் தம் முன்னிலையிற் கொடுக்கப்பட்டதா என்பதை அத்தாட்சியிற் குறித்தல், பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் என்பன அவற்றுட் சில. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முன்னெழுதிப் பதியாத உறுதி, பின்னெழுதிப் பதிந்த உறுதிக்கு முன் தோற்றுப் போகலாம். எனினும் அப்பதிவகம் பதிவது ஆவணத்தையே, உரித்தையன்று. உரித்தையே பதியும் முறை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே இலங்கையில் மெல்லப் பரவலாயிற்று.

இவ்வாறு உரித்தை ஆராயும் பணி நொத்தாரிசிடமும், அதனைக் காக்கும் பணி பதிவகத்திடமும், எல்லை காணும் பணி நில அளவையாளரிடமும் சென்றன. எஞ்சியது ஒன்று: வாங்குவோரைத் தேடிக் கொணர்தல். அதுவே தரகரின் தொழில். அவருடைய கூலியும் அதற்கே உரியது. இலங்கையில் இயங்கும் உரோமன் டச்சுச் சட்ட மரபில், விற்பனை நிறைவேறுவதற்குப் பயனுறு காரணமாய் நின்ற தரகரே கூலி கேட்க உரியவர். வீட்டைக் காட்டியதனால் மட்டும் அவ்வுரிமை பிறவாது. ஒரே வீட்டை நால்வரிடம் ஒப்படைக்கும் குடும்பத்தில் இறுதியிற் பிணக்கு எழுவது இதனாலேயே. ஒருவர் வாங்குவோரை அழைத்து வந்திருப்பார். மற்றொருவர் விலையைப் பேசி முடித்திருப்பார். இருவரும் முழுக் கூலி கேட்பர். யாரிடம், எத்தனை மாதத்துக்கு, எந்நிபந்தனையில் ஒப்படைக்கப்பட்டது என்பதை ஓர் ஏட்டில் எழுதிக் கைச்சாத்திட்டிருப்பின் இப்பிணக்கு எழாது.

கூலியின் அளவு பேச்சினால் அமைவது. நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பன இலங்கையிற் பெரிதும் வழங்கும் வீதங்கள். ஒரு கோடி ரூபாவுக்கு விலைப்படும் வீட்டில் நூற்றுக்கு மூன்று என்பது மூன்று இலட்சம் ரூபா. இரண்டு என்பது இரண்டு இலட்சம். ஒரு சொல்லில் அடங்கும் அவ்வேறுபாடு ஓர் இலட்சம் ரூபாவாகும். ஆயினும் வீதத்தினும் முதன்மையாக வினவத்தக்கவை இரண்டு. கூலி எப்பொழுது கொடுபடும் என்பது ஒன்று. தரகர் வாங்குவோரிடமும் கூலி பெறுகின்றாரா என்பது மற்றொன்று. முற்பணம் கைமாறிய அன்றே கூலியைக் கொடுத்தவர், விற்பனை தவறின் அதனை மீட்டல் அரிது. நொத்தாரிசின் முன் உறுதி கைச்சாத்தாகும் நாளிற் கொடுப்பதே பாதுகாப்பானது. இருபாலும் கூலி பெறுபவர் எவருடைய விலைக்காகப் பேசுகின்றார் என்பது ஐயத்துக்கு இடமாகும். அதனை அவர் முன்னரே வெளியிடின் குற்றமில்லை, மறைப்பின் குற்றமுண்டு.

வேறொரு வழக்கமும் உண்டு. ‘எமக்கு இவ்வளவு வந்தாற் போதும், மேலே வருவதை நீரே எடுத்துக்கொள்ளும்’ என விற்பவர் கூறிவிடுவர். கூலி கொடாது விற்றதாக அவர் மகிழலாம். உண்மையில், தம் வீட்டின் விலையை அறியும் உரிமையையே அவர் விற்றுவிட்டவராவர். தரகர் அந்நிலையில் தரகரல்லர். பிறர் பொருளை முதலின்றி வாங்கி விற்கும் வணிகர். உறுதியில் எழுதப்படும் விலையும் மெய்விலையும் வேறுபடுவதற்கு இவ்வழக்கம் வழிதிறந்து விடுகின்றது. அவ்வேறுபாட்டுக்குப் பொறுப்பாளி கைச்சாத்திட்டவரே.

தரகு தவிர்ந்த செலவுகளையும் பிரித்தறிதல் வேண்டும். கைமாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாண சபைக்குரியதாயிற்று. அதுவும் நொத்தாரிசுக் கட்டணமும் வழக்கத்தில் வாங்குவோரைச் சார்வன. விற்பவரைச் சார்வது மூலதன இலாப வரி. 2017ஆம் ஆண்டின் உண்ணாட்டரசிறைச் சட்டத்தின்கீழ் 2018 ஏப்பிரில் முதல், இலாபத்தில் நூற்றுக்குப் பத்து என்னும் அளவில் அது தொடங்கியது. இவை அனைத்தையும் ‘செலவு’ என ஒரே சொல்லாற் குறித்து ஒரு தொகையாகக் கேட்கும் தரகரிடம், ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதித் தருமாறு கேட்டல் தகும்.

மட்டக்களப்பில் இவ்விழிப்பு இன்றியமையாததாவதற்கு அண்மைக்கால வரலாறும் காரணமாகும். 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளியும், 2004 திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும், 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரும் வீடுகளோடு உறுதிகளையும் அழித்தன. இடம்பெயர்ந்தோரின் காணியிற் பிறர் குடியேறிப் பத்தாண்டு கடந்த இடங்களும் உண்டு. அவ்வாறு உரிமை இழந்தோர் வழக்கிடுவதற்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் இரண்டாண்டு வாயில் திறந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் அரசகாணியில் எழுந்த புதுவீடுகள் பல குடும்பத் தலைவர் என ஆடவர் பெயருக்கே எழுதப்பட்டன. தாயிடமிருந்து பெற்ற வீட்டை இழந்த பெண், புதுவீட்டில் உரித்தற்றவளானாள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மரபுரிமை அட்டவணையில் ஆணுக்கு இருந்த முதலிடம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. அச்சட்டத்தின்கீழ் உத்தரவுப் பத்திரத்தால் அமைந்த காணியை உறுதிக்காணி போல் விற்கவும் இயலாது. இவ்வேறுபாட்டை அறியாத தரகர் வாங்குவோரையும் விற்போரையும் ஒருங்கே இடர்ப்படுத்துவர்.

பிற நாடுகளும் இத்தொழிலை ஒழுங்குபடுத்த முயன்றுள்ளன. பிரித்தானியா 1979ஆம் ஆண்டில் வீட்டுத் தரகருக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. கூலியின் விவரத்தை முன்னரே அறிவித்தல் அதன்படி தரகரின் கடமை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுக்குரிய கட்டடத் திட்டங்களில் இடைநிற்கும் முகவர் தாமும் பதிவு பெறவேண்டும் என்றது. ஐக்கிய அமெரிக்காவில், விற்பவர் கொடுக்கும் கூலியிலேயே வாங்குவோரின் தரகருக்கும் பங்கு வகுக்கும் பழைய முறை வழக்குக்கு உள்ளாகி, 2024 ஆகஸ்ட் 17 முதல் மாற்றமடைந்தது. இம்மூன்றும் வலியுறுத்தும் கருத்து ஒன்றே: யார், யாருக்கு, எதற்காகக் கொடுக்கின்றார் என்பது வெளிப்படையாதல் வேண்டும்.

ஆகவே வாவிக்கரையில் வீடு விற்கப் புகுவோர் தரகரைத் தேரும்பொழுது, அவர் எத்துணை விரைவில் வாங்குவோரைக் கொணர்வார் என்பதை மட்டும் நோக்குதல் போதாது. அவர் முதலிற் கேட்கும் வினாவை நோக்குதல் வேண்டும். விலையைக் கேட்பவர் பலர். உறுதி யார் பெயரில் உள்ளது, அது சீதனமா நன்கொடையா, தாய்க்குச் சீவிய உருத்து உண்டா, மணமாகாத தங்கை அவ்வீட்டில் வாழ்கின்றாளா என்று கேட்பவர் சிலர். முன்னாளில் ஊரார் கூலியின்றிக் காத்த அறிவில் ஒரு கூற்றையேனும் அச்சிலர் காக்கின்றனர். அவர்க்குக் கொடுக்கும் கூலியே பயனுடைய கூலி. அவ்வினாக்கள் கேட்கப்படாமலே விற்பனையாகும் வீட்டுக்கு முழுவிலை கிடைத்திருப்பினும், விலையிற் சேராத இழப்பொன்றை அக்குடும்பத்துப் பெண்மக்கள் சுமப்பர்.